கேட்காமல் போட்ட டிக்

தடுப்பூசி அறைகளுக்கு வேலைக்குப் போகும் நர்ஸ்களான உங்களுக்கு ஊசி போடக் கற்றுத்தர நான் தேவையில்லை. உங்கள் கைகள் என் வயதான கைகளைவிட உறுதியானவை, படிப்பும் அதிகம். ஊசிக்கு முந்தைய பத்து நிமிடத்தைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். எதிரே நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், நம் கையில் ஒரு ஃபாரம் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் நான் செய்த ஒரு தவறையும், அதை மறைக்கப் போய்ச் செய்த இரண்டு தவறுகளையும் சொல்லிவிட்டு என் இடத்துக்குப் போய்விடுகிறேன்.

முப்பத்து நான்கு வருஷம் நர்ஸாக இருந்தேன். கடைசிப் பதினொரு வருஷம் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில், வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்பூசி போடும் அறையில் வேலை. அறை சின்னது. ஒரு மேஜை, ஒரு கட்டில், மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டி. பக்கத்து அறையில் டாக்டர். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் பிள்ளைகள் மட்டும் போய் வந்தார்கள். பிறகு பெற்றோர்களும் போகத் தொடங்கினார்கள். பேரப் பிள்ளை பிறந்தது, மகள் தனியாக இருக்கிறாள், மெக்காவுக்கு உம்ரா போக வேண்டும் என்று அறுபது, எழுபது வயதில் முதல் முறையாக பாஸ்போர்ட் எடுத்தவர்கள் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் வைத்திலிங்கம். முத்துப்பேட்டைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் சொந்த நிலத்தில் விவசாயம். வயது அறுபத்தெட்டு. கூடவே அவர் மனைவி கமலம். மகன் செந்தில் கானாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே அவனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வர டிக்கெட் எடுத்திருந்தார்கள்.

அந்த நாட்டுக்குப் போக மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டிருக்க வேண்டும். அந்த ஊசியை அரசு அனுமதித்த சில மையங்களில்தான் போடுவார்கள், எங்கள் அறையில் போட மாட்டோம். ஆனால் வயதானவர்கள் அங்கே போவதற்கு முன்னால் எங்களிடம் வந்து உடம்பைக் காட்டி, ஊசி போடலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதம் வாங்கிப் போவார்கள். அந்தக் கடிதத்தோடு இணைக்கும் ஃபாரத்தை நிரப்புவது என் வேலை.

அது பங்குனி மாதம். பள்ளி விடுமுறை வரப்போகிறதென்று வெளியே நல்ல கூட்டம். வைத்திலிங்கம் வந்து உட்கார்ந்ததுமே, "சீக்கிரம் பாத்து அனுப்புங்க சிஸ்டர். மேட்டூர் தொறக்கறதுக்குள்ள திரும்பி வந்துடணும். நாத்தாங்கால் வேலை கெடக்கு" என்றார். சுறுசுறுப்பான மனிதர். வேட்டி மடிப்புக் கலையாமல், சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

சுகர் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். பிரஷருக்கு ஒரு மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னார். முட்டை சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டேன். "ஒரு நாளைக்கு ரெண்டு திங்கறேன்" என்று சிரித்தார். அப்போது கமலம் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "இவுங்களுக்கு முன்னாடி ஒருதரம் கண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் எப்பவோ. ஏன் இப்ப அதப் போய் சொல்லிக்கிட்டு இருக்க" என்று அவர் அடக்கினார்.

கமலம் என்னைப் பார்த்தார். "சொல்லுங்கம்மா" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கண்புரை அறுவை சிகிச்சையாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். நான் ஃபாரத்துக்குத் திரும்பினேன்.

ஃபாரம் முழுக்க ஆங்கிலம். இருபதுக்கும் மேற்பட்ட கட்டங்கள். நடுவில் ஒரு வரியில் தைமஸ் நோய் உண்டா என்று இருந்தது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருந்து எதிர்ப்புச் சக்திக்கு உதவும் சின்னச் சுரப்பி அது. அதில் நோய் இருந்தவர்களுக்கும், நோயால் அதை எடுத்துவிட்டவர்களுக்கும் இந்த ஊசி போடவே கூடாது. மஞ்சள் காய்ச்சல் ஊசியில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள கிருமி. எதிர்ப்புச் சக்தி ஒழுங்காக இல்லாத உடம்பில் அது அடங்காமல் பெருகிவிடலாம். அறுபது தாண்டி முதல் முறை போடுகிறவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். இதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும்.

ஆனால் அத்தனை வருஷத்தில் அந்தக் கட்டத்தில் 'உண்டு' என்று நான் ஒருவருக்கும் எழுதியதில்லை. தைமஸ் என்று கேட்டால் யாருக்கும் புரிவதுமில்லை. அதனால் எப்போதோ அந்தக் கேள்வியைக் கேட்பதையே விட்டுவிட்டேன். அன்றைக்கும் கேட்காமலேயே 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

டாக்டர் பிரஷர் பார்த்தார். சட்டைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். என் ஃபாரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இருவரும் மறுவாரமே மையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

கமலத்துக்கு ஒரு நாள் கை வலித்தது, அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவுதான் ஆகும். இதை நீங்கள் மறக்கக் கூடாது, பின்னால் ஏன் என்று சொல்கிறேன். வைத்திலிங்கத்துக்கு நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. ஊசிக் காய்ச்சல் என்று இரண்டு நாள் மாத்திரையோடு படுத்திருந்தார். ஆறாம் நாள் வாந்தி நிற்கவில்லை, கண் மஞ்சளானது. தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கல்லீரல் போனது, பிறகு சிறுநீரகம். பன்னிரண்டாம் நாள் இறந்துவிட்டார்.

அவர் ஐசியூவில் இருந்தபோது அங்கிருந்த டாக்டர் எங்கள் டாக்டருக்குப் போன் செய்தார். நோயாளியின் நெஞ்சில் நடுவாக நீளத் தழும்பு இருக்கிறதே, என்ன ஆபரேஷன் என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் வீட்டில் விசாரித்தார்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கண் இமைகள் தாமாக மூடிக்கொள்ளும், சாயங்காலமானால் சோறு மெல்ல முடியாது. தசைகள் சோர்ந்துபோகும் நோய். மதுரையில் நெஞ்சைத் திறந்து தைமஸைக் கட்டியோடு எடுத்திருக்கிறார்கள். சில வருஷம் மருந்து சாப்பிட்டுக் குணமாகி, நிலத்து வேலைக்குத் திரும்பி, அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். கமலம் அன்றைக்குச் சொல்ல வந்தது இதைத்தான்.

டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, அந்த ஃபாரத்தை மேஜைமேல் வைத்தார்.

"சிஸ்டர், தைமஸ் பத்தி அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

"நெஞ்சு ஆபரேஷன் எதுவும்..."

"கேட்டேன் சார். இல்லைன்னார்."

என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! நான் பயிற்சி எடுத்த நாளிலிருந்து யாரும் என்னைச் சந்தேகப்பட்டதில்லை. டாக்டரும் சந்தேகப்படவில்லை. ஊசிக்குப் பின் நேர்ந்த மரணம் என்று மேலே அனுப்பிய அறிக்கையில், 'முந்தைய நோயை நோயாளியும் உடன் வந்தவரும் தெரிவிக்கவில்லை' என்று எழுதப்பட்டது. உடன் வந்தவர் என்றால் கமலம். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் நானும் கையெழுத்துப் போட்டேன்.

கமலத்தைப் பார்க்க நான் போகவில்லை. போனால் கேட்பார் என்று பயம். செந்தில் கானாவிலிருந்து வந்து, மருத்துவமனையில் அறிக்கைக்கும் ஃபாரத்துக்கும் நகல் வாங்கிப் போனான் என்று கேள்விப்பட்டேன். வழக்குப் போடுவானோ என்று சில மாதம் ஒவ்வொரு தபாலுக்கும் பயந்துகொண்டிருந்தேன். எதுவும் வரவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்த வார்த்தையைத்தான் நினைத்தேன்.

தப்பிக்கவில்லை என்பது வேலையில் தெரிந்தது. வயதானவர்கள் யார் வந்து உட்கார்ந்தாலும் எனக்குப் பயம் வந்துவிடும். கேள்விகளை இரண்டு முறை கேட்டேன், அது நல்லதுதான். ஆனால் என்ன பதில் வந்தாலும் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம் தேடினேன். அறையில் எல்லோரும் என்னைக் கவனமான நர்ஸ் என்று பாராட்டினார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து அதிராம்பட்டினத்திலிருந்து ஜுலைகா என்ற அம்மா தன் மகளோடு வந்தார். எழுபத்தொரு வயது. உம்ரா போகிறார். மூட்டு வாதத்துக்காகப் பல வருஷமாக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறவர். எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் மருந்து அது. மூட்டு டாக்டர் ஒரு சீட்டில், பயணத்துக்கு முன் ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போடும்படி எழுதித் தந்திருந்தார். அன்று எங்கள் டாக்டர் விடுப்பு. போன் செய்திருந்தால் எடுத்திருப்பார்.

நான் சீட்டைப் பார்த்தேன், மாத்திரை அட்டையைப் பார்த்தேன். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து என்ற ஒன்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

"அம்மா, நீங்க சாப்பிடற மாத்திரைக்கு ஊசியெல்லாம் அவ்வளவு நல்லதில்ல. மூளைக்காய்ச்சல் ஊசி கட்டாயம், அத மட்டும் போட்டுக்குங்க. மத்தது போயிட்டு வந்து பாத்துக்கலாம்."

"மூட்டு டாக்டர் போடச் சொல்லித்தானே எழுதியிருக்கார்?" என்றாள் மகள்.

"அவங்க பொதுவா எழுதுவாங்க. நான் நேர்ல பாத்த விஷயம் இருக்கு, அதனாலதான் சொல்றேன்" என்றேன்.

நீங்கள் படித்தவர்கள், என் தவறு உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். உயிருள்ள கிருமி இருக்கும் ஊசிகளுக்குத்தான் அந்த அச்சம் பொருந்தும். நான் தடுத்த இரண்டு ஊசியிலும் உயிருள்ள கிருமி கிடையாது. நான் போட்டுவிட்ட மூளைக்காய்ச்சல் ஊசியிலும் கிடையாது. அதைப் போடலாமென்றால் இவற்றையும் போடலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அந்த மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு, அதுவும் எழுபது வயதில், உலகெங்கும் இருந்து லட்சக்கணக்கில் மக்கள் கூடும் இடத்துக்குப் போகும்போது ஃப்ளூ, நிமோனியா ஊசிகள்தான் மிகவும் தேவை. மருந்தால் ஊசியின் பலன் கொஞ்சம் குறையலாம், ஆபத்து கூடாது. இதுவும் எனக்குப் பாடமாகத் தெரியும். வைத்திலிங்கம் விஷயத்தில் பாடத்தை மறந்தேன். ஜுலைகா அம்மா விஷயத்தில் பாடம் நினைவில் இருந்தும் அதைப் பயம் மூடிவிட்டது.

உம்ராவிலிருந்து திரும்பும் விமானத்திலேயே அவருக்குக் காய்ச்சல். வந்து இரண்டாம் நாள் ஃப்ளூ என்று உறுதியாகி, அது நிமோனியாவாக மாறி, மூன்று வாரம் ஆக்ஸிஜனில் கிடந்தார். ஊசி போட்டிருந்தால் வந்தே இருக்காது என்று என்னால் சொல்ல முடியாது. இவ்வளவு முற்றியிருக்காது என்று சொல்லலாம். உயிர் பிழைத்தார். ஆனால் முன்பு தனியாக மாடி ஏறி இறங்கியவர், பிறகு பத்தடி நடந்தால் மூச்சு வாங்கி உட்காரும்படி ஆனது.

மூன்று மாதம் கழித்து அவரே எங்கள் அறைக்கு வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். மகள் பக்கத்தில் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நின்றாள்.

"உக்காருங்க சிஸ்டர்" என்றார். மூச்சு வாங்கிய பிறகுதான் அடுத்த வார்த்தை வந்தது. "அன்னைக்கு வேணாம்னு விட்டீங்கள்ல, அந்த நிமோனியா ஊசிய இப்பயாச்சும் போடச் சொல்றாங்க. அதுக்குத்தான் வந்தேன்."

மருந்தை எடுத்துத் தயார் செய்தேன். அவர் கையை நீட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? அன்னைக்கு நீங்க ரொம்பப் பயந்து போயிருந்தீங்க. சீட்டையும் மாத்திர அட்டையையும் மாத்தி மாத்திப் பாத்தீங்க. எனக்கு என்னமும் ஆயிடும்னு பயந்தீங்களா, இல்ல ஒங்களுக்கு என்னமும் ஆயிடும்னு பயந்தீங்களா?"

"உம்மா, சும்மா இருங்க" என்றாள் மகள்.

"கோவமாக் கேக்கல புள்ள. தெரிஞ்சுக்கக் கேக்கறேன்."

"எனக்காகத்தாம்மா பயந்தேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். இரண்டு வருஷத்தில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

அன்றே டாக்டர் அறைக்குப் போனேன். உட்காராமல் நின்றபடியே சொன்னேன். "சார், வைத்திலிங்கம் கேஸ்ல நான் தைமஸ் பத்திக் கேக்கவே இல்ல. ஆபரேஷன் பத்தியும் கேக்கல. அந்தம்மா சொல்ல வந்தாங்க, நான் கேட்டுக்கல. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நான் சட்டையக் கழட்டச் சொல்லிப் பாத்திருந்தா அந்தத் தழும்பு தெரிஞ்சிருக்கும் சிஸ்டர். சட்டைக்கு மேலயே பாத்தேன். அவருக்கு வேற வழி சொல்லியிருக்கலாம். ஊசி ஆகாதுன்னு விலக்குக் கடிதம் குடுத்திருக்கலாம், போகணுமான்னு யோசிக்கச் சொல்லியிருக்கலாம். நீங்க 'கேட்டேன்'னு சொன்னதும் எனக்கும் வசதியாப் போச்சு. அதுக்கு மேல நான் துருவிக் கேக்கல பாருங்க."

திருத்திய அறிக்கையை இருவரும் கையெழுத்திட்டு அனுப்பினோம். எனக்கு நிர்வாகம் மெமோ கொடுத்தது, ஒரு வருஷம் வேறு வார்டுக்கு மாற்றியது. அது நியாயம்தான், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அறிக்கையைத் திருத்தினால் மட்டும் போதாது, வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். நானும் வருகிறேன் என்று தன் காரிலேயே அழைத்துப் போனார்.

போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி இருக்கும். கமலம் களத்தில் ஈர நெல்லைக் காயப்போட்டு, காலால் கோடு கோடாகத் துழாவிக்கொண்டிருந்தார். முந்தின நாள் மழையில் நனைந்த நெல். எங்களை அடையாளம் தெரிந்ததும் நின்றார். வாங்க என்று சொன்னார், ஆனால் அருகே வரவில்லை.

நெல்லின் ஓரத்தில் நின்றுதான் சொன்னேன். டாக்டரிடம் சொன்னதையே சொன்னேன்.

"அப்ப நீங்க கேக்கவே இல்லயா?"

"கேக்கலம்மா."

"ஃபாரத்துல அவுங்ககிட்ட கேட்டு எழுதினதா இருந்துச்சே? நீங்க இங்கிலீசுல என்னமோ கேட்டு, எனக்குத்தான் புரியலன்னு நெனச்சேன்."

"கேக்காமலே நான் போட்ட டிக் அது."

அவர் அப்படியே களத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. நெல்லை ஒரு கை அள்ளி, திரும்பக் கொட்டினார்.

"என் மவன் அந்தக் காயிதத்தப் படிச்சுட்டு என்கிட்ட வந்தான். 'கூட வந்தவங்களும் சொல்லலைன்னு போட்டிருக்கு. நீ பக்கத்துலதானே இருந்த? ஒனக்குத் தெரியும்ல?'ன்னு கேட்டான். சொல்ல வந்தேன்டான்னேன். 'சொன்னியா, இல்லியா?'ன்னான். இல்லன்னேன். வேற என்ன சொல்லுவேன்? கருமாதி முடிச்சுட்டுப் போனவந்தான். ரெண்டு வருசமா என்கிட்ட ஒரு வார்த்த பேசல. மருமவ பேசும், பேரன காட்டும். அவன் குரல நான் கேக்கல."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கமலம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நானும் அதத்தான் நம்பிக்கிட்டு இருந்தேன், தெரியுமா? இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருந்தா இவுங்க இருந்திருப்பாங்க, நாந்தான் கொன்னுட்டேன்னு. அவன் பேசாதது சரின்னே நெனச்சேன். நீங்க ஆஸ்பத்திரியில நிம்மதியா இருந்தீங்களா?"

"இல்லம்மா" என்றேன். அந்தப் பதிலுக்கு எந்த மதிப்பும் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "இத அவன்கிட்ட சொல்லுங்க. இப்ப, என் முன்னாடி. என் நம்பர்லேருந்து கூப்புட்டா எடுக்க மாட்டான். ஒங்க போன்லேருந்து போடுங்க."

மகனின் எண்ணை மனப்பாடமாகச் சொன்னார். அங்கே காலை வேளை. இரண்டாவது மணியில் எடுத்தான். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. நான் யார் என்று சொன்னேன். என்ன செய்தேன், என்ன செய்யவில்லை, அவன் தாயார் சொல்ல வந்ததை எப்படி விட்டேன், பிறகு எப்படிப் பொய் சொன்னேன் என்று ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். நான் முடித்த பிறகு இயந்திரச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எங்கோ தள்ளிப் போய் நிற்கிறான் போலிருந்தது.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க."

"குடுங்க."

கமலம் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். நாங்கள் காருக்கு அருகே போய் நின்றோம். முதலில் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அழாதடா. வேல செய்ற எடத்துல நின்னுக்கிட்டு அழாத. நாலு பேரு பாப்பாங்க" என்று சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். வெகுநேரம் பேசினார்கள். காய்ந்த பக்கத்து நெல்லில் குருவிகள் இறங்கியதைக்கூட அவர் விரட்டவில்லை.

பேசி முடித்துவிட்டுப் போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். முகம் கழுவியதுபோல் இருந்தது. நான் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தொடங்கினேன்.

"வேணாம் சிஸ்டர்" என்றார். "நீங்க வந்து சொன்னது சரி. இனிமே வராதீங்க. ஒங்களப் பாத்தா எனக்கு அவுங்க சட்டப் பித்தானப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்ததுதான் நெனப்பு வருது."

அவர் சொன்னபடி நான் அந்த ஊருக்குப் பிறகு போகவில்லை. அடுத்த வருஷம் செந்தில் குடும்பத்தோடு வந்து தங்கிப் போனதாக டாக்டர் விசாரித்துச் சொன்னார்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு எழுத்தில் தந்திருப்பார்கள். அதில் இல்லாத சிலவற்றை மட்டும் நான் சொல்கிறேன். ஃபாரத்திலுள்ள ஆங்கிலப் பெயரைக் கேட்காதீர்கள். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்ததா, எப்போதாவது கண் இமை தானாக விழுந்ததா, மூட்டுவலிக்கு யாராவது பெயர் தெரியாத மாத்திரையைப் பொட்டலத்தில் தந்தார்களா என்று கேளுங்கள். வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். கூட வந்தவர் வாயைத் திறந்தால், வெளியே எத்தனை பேர் நின்றாலும் அவர் முடிக்கும்வரை பேனாவை மூடிவையுங்கள். பெரியவர்களுக்கு ஊசியே ஆபத்து என்று பயப்படாதீர்கள். எந்த ஊசி, எந்த உடம்பு, எந்த ஊருக்கு என்று பாருங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிக் கேளுங்கள். உங்கள் பயத்தை அறிவுரையாக்கி அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஒரு நாள் தவறு நடக்கும். அன்றைக்கு யாராவது உங்களைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "கேட்டீங்களா?" என்று கேட்பார்கள். அப்போது நான் சொன்னதைச் சொல்லாதீர்கள். வைத்திலிங்கத்தை என்னால் திருப்பித் தந்திருக்க முடியாது. அந்தத் தாயும் மகனும் பேசாமல் இழந்த இரண்டு வருஷம் அப்படியல்ல. "கேக்கல சார்" என்று அன்றே நான் சொல்லியிருந்தால் அது அவர்களிடமே இருந்திருக்கும்.